குலுக்க வேண்டாத மருந்து

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் தெருவுக்கென்று பெருமைப்பட ஒன்று இருந்தது என்றால் அது காம்பவுண்டர் முனியப்பன்தான். டாக்டர் அனந்தபத்மநாபன் ஜெயநகரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார், நாக்கை நீட்டச் சொல்வார், ஒரு சீட்டில் எதையோ கிறுக்குவார். அந்தக் கிறுக்கலைப் படித்து, மருந்து கலந்து, புட்டியில் ஊற்றி நம் கையில் கொடுப்பவர் முனியப்பன். நோய் தீர்ந்தால் முனியப்பனுக்குக் கைராசி. தீராவிட்டால் டாக்டருக்கு வயதாகிவிட்டது. தெருவில் இதுதான் தீர்ப்பு, இதற்கு அப்பீல் கிடையாது.

நான் பஸ் கண்டக்டர். பெயர் ஜெயராஜ். ஒரே காம்பவுண்டில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர் இருந்தது, பேருக்குத்தான். அவர் வீட்டில் மிளகாய் வறுத்தால் என் வீட்டில் தும்முவோம். ஆகவே அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. அவரே இதைப் படித்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒன்றிரண்டு இடத்தில் அறிவியல் பிழை என்று பேனாவால் சுழித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

முனியப்பன் தமிழ் மீடியத்தில் படித்து, பியூசியில் வேதியியலில் கோட்டை விட்டவர். பாடம் மொத்தமும் கைவிட்டாலும் ஒரே ஒரு பாடம் மட்டும் அவரை விடவில்லை. கலவைகள் இரண்டு வகை. உப்பைத் தண்ணீரில் கரைத்தால் மேலே மொண்டாலும் அடியில் மொண்டாலும் ஒரே கரிப்பு. அது ஒருபடித்தான கலவை. சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேலே, சுண்ணாம்பு கீழே. அது பலபடித்தான கலவை. இவ்வளவுதான் பாடம். மற்ற பிள்ளைகள் இதை இரண்டு மார்க்குக்குப் படித்துவிட்டு மறந்து போனார்கள். முனியப்பன் இதை வைத்துக்கொண்டு குடும்பமே நடத்தினார்.

கிளினிக்கில் இரண்டு மருந்து பிரசித்தம். காய்ச்சலுக்குச் சிவப்பு மருந்து. எல்லாம் கரைந்து கண்ணாடி மாதிரி இருக்கும். வயிற்றுப் போக்குக்கு ரோஸ் மருந்து. அதில் ஒரு தூள் உண்டு, வைத்த இடத்தில் வைத்தால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ரோஸ் புட்டியில் மட்டும் முனியப்பன் ‘குலுக்கவும்’ என்று சீட்டு ஒட்டுவார். கன்னடத்தில், தமிழில், உருதுவில், அவர் கையாலேயே எழுதியது. தொண்ணூற்றொன்றில் தமிழருக்கு எதிராக நடந்த கலாட்டாவில் டாக்டர் பயந்துபோய் போர்டில் இருந்த தமிழுக்கு வெள்ளையடித்துவிட்டார். சீட்டில் இருந்த தமிழ் அப்படியே இருந்தது. ரோஸ் புட்டியைப் பார்த்து யாரும் கல்லெறிய வரமாட்டார்கள் என்பது முனியப்பனின் கணக்கு.

ஆனால் எங்கள் ஜனங்களுக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. அடியில் ஏதாவது தங்கினால்தான் மருந்து. தெளிவாக இருந்தால் அது கலர் தண்ணீர். எனவே சிவப்பு மருந்தையும் விடாமல் குலுக்குவார்கள், ஏதாவது கிளம்பி வராதா என்று. கவுண்ட்டரிலேயே குலுக்க ஆரம்பித்துவிட்டால் முனியப்பனுக்கு முகம் கறுத்துவிடும்.

“ஏம்மா, சும்னே எதுக்கு அத்தப் போட்டு ஆட்டறே?”

“பவர் மேல வரட்டும்னுதான் அண்ணா.”

“பவரு எல்லா எடத்துலயும் ஒண்ணாதான் இருக்குது. மொதல் சொட்டும் கடைசி சொட்டும் ஒண்ணு. இது ஒருபடித்தானது. பேக்கரில காரா மிக்சர் வாங்கறியே, மொதல்ல கை உடறவனுக்கு வேர்க்கடல, கடைசில வர்றவனுக்குத் தூளு. அது பலபடித்தானது. அத்தக் குலுக்கு. இத்த ஆட்டாதே.”

பின்னால் வரிசையில் நிற்பவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிவான். பாடம் முடியாமல் புட்டி கைமாறாது.

டாக்டருக்கு இந்தப் பாடம் பெரிய பேஜார். ஒரு நாள் நான் கைக்கட்டு மாற்றிக்கொள்ளப் போயிருந்தபோது என் எதிரிலேயே சொன்னார். “முனியப்பா, ஸ்வல்ப யோசனை பண்ணு. எல்லாப் புட்டிலயும் குலுக்கவும்னு ஒட்டிடேன். ஒரே சீட்டு, ஒரே பேச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?”

“சிவப்பு மருந்துல குலுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல சார்.”

“தெரியும்ப்பா. இருந்தா என்ன?”

“பொய் சார் அது. பொய்ச் சீட்ட நான் என் கையால ஒட்ட மாட்டேன்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என் கைக்கட்டைப் பார்த்தேன். நாற்பது வருஷம் மருந்து எழுதியவர் அன்று ஒரு சீட்டு விஷயத்தில் தோற்றுப்போய், அடுத்த ஆளை வரச் சொன்னார். முனியப்பன் அந்த வெற்றியை எங்கள் காம்பவுண்டில் நிறைய தடவை சொல்லிவிட்டார். எனக்கே மனப்பாடம்.

அறிவியல் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர்களையும் அவர் அப்படியே பிரித்தார். மேலே ஒன்றும் அடியில் ஒன்றுமாக இருக்கிறவன் பலபடித்தானவன். வீட்டுக்காரர், கவுன்சிலர், என் மைத்துனன் எல்லாரும் அந்தப் பக்கம். உள்ளும் புறமும் ஒன்றாக இருக்கிறவன் ஒருபடித்தானவன். அந்தப் பக்கம் ஆள் குறைவு. அவரும், அவர் தகப்பனார் காலத்திலிருந்து வீட்டு அலமாரியில் இருக்கும் புத்தரும். என்னை எந்தப் பக்கம் வைத்திருந்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்ற பயம்தான்.

“நல்ல மருந்துன்னா இன்னா தெரியுமா யசோதா? குலுக்க வேண்டியதே வரக்கூடாது. அடியில எதையும் ஒளிச்சு வெச்சுக்காது. அதான் மருந்து” என்று ராத்திரி சாப்பாட்டின்போது அவர் மனைவியிடம் சொல்வது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். யசோதா கோலார் தங்கவயல் பெண். நாலாவதோடு படிப்பை நிறுத்தியவர். முனியப்பன் பேசினால் கடைசி வரைக்கும் கேட்கிற ஒரே மனுஷி இந்த ஊரில் அவர்தான். கேட்டதோடு நிற்கவில்லை, நம்பியும் தொலைத்தார்.

அவர்களுக்கு ஒரே பெண், மமதா. ஒன்பதாவது படிக்கும்போது அவளுக்கு வலிப்பு வந்தது. முதல் தடவை வகுப்பில், இரண்டாம் தடவை பிரேயரில். ஹெட்மிஸ்ட்ரஸ் முனியப்பனைக் கூப்பிட்டனுப்பி, தண்ணீர் கொடுத்து, நல்ல விதமாகத்தான் சொன்னார். இன்னொரு தடவை இங்கே விழுந்தால் நாங்கள் பொறுப்பேற்க முடியாது, குணமான பிறகு அனுப்புங்கள், ஒரு வருஷம் போனால் போகட்டும். எங்கள் தெருவில் ஒரு வருஷம் வீட்டில் இருந்த பெண் திரும்பப் பள்ளிக்கூடம் போனதாகச் சரித்திரம் இல்லை. அடுத்த வருஷம் மாப்பிள்ளை பார்ப்பார்கள், வலிப்பை மறைத்து. இது மமதாவுக்கும் தெரியும். அன்று சாயந்திரம் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது மாதிரி.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். மாத்திரை விழுங்கினால் வாந்தி எடுக்கிறாள் என்பதால் குடிக்கிற மருந்து எழுதிக் கொடுத்தார்கள். காலையும் ராத்திரியும் அளவு மூடியில் ஊற்றித் தர வேண்டும். முனியப்பனே கடையில் வாங்கி, சைக்கிள் ஹேண்டில்பாரில் பையை மாட்டி, நீலசந்திராவின் எல்லாப் பள்ளத்திலும் ஏறி இறங்கிக் கொண்டுவந்தார். வந்து சேர்ந்தபோது புட்டி முழுக்க ஒரே நிறம், ஆரஞ்சு. யசோதா கையில் கொடுத்து, “வேளைக்கு ரெண்டு மூடி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. காம்பவுண்டர் பெண்டாட்டிக்கு மருந்து கொடுக்கச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

காலை மருந்து வேளைக்கு அவர் கிளினிக்கில் ரோஸ் புட்டியைத் தூக்கிக் காட்டி “குலுக்கிக் குடி, குலுக்கிக் குடி” என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். ராத்திரி வேளைக்கும் அங்கேதான். வீட்டுப் புட்டியோ புத்தர் படத்துக்குப் பக்கத்தில், அந்தப் புத்தரைப் போலவே அசையாமல் உட்கார்ந்திருந்தது. நான் ஒருமுறை என்ன மருந்து என்று பார்க்கக் கை நீட்டினேன். “அண்ணா, ஆட்டாதீங்க!” என்று யசோதா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். தீர்த்தத்தைத் தொட்டுவிட்டவன் போல நான் கையை எடுத்துக்கொண்டேன்.

மருந்து ஆரம்பித்தும் வலிப்பு நிற்கவில்லை. புதுப் புட்டி திறந்த வாரத்தில் விழுவாள். பிறகு ஒரு வாரம் சுமாராக இருப்பாள். அதற்கப்புறம் தலைகீழ். வலிப்பு இல்லை, ஆனால் நடை தள்ளாடும், பேச்சு குழறும், சோற்றில் கை வைத்தபடி தூங்குவாள். இதைப் பார்த்த தெரு சும்மா இருக்குமா? பாதிப் பேர் காற்று கருப்பு என்றார்கள். மீதிப் பேர் இன்னும் மோசமாகச் சொன்னார்கள், பெண் பிள்ளை சாயந்திரத்தில் தள்ளாடினால் இந்த ஊர் என்ன சொல்லுமோ அதை. எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரை என் பஸ்ஸில் ஏறவிடாமல் டபுள் விசில் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனார்கள். விழுகிறாள் என்றபோது மருந்தைக் கூட்டினார்கள். தள்ளாடுகிறாள் என்றபோது குறைத்தார்கள். மூன்றாம் முறை ஒரு சின்ன வயசு டாக்டர், எதற்கும் இருக்கட்டும் என்று இங்கிலீஷில் கேட்டாராம், வீட்டில் புட்டியை நன்றாகக் குலுக்கித்தான் கொடுக்கிறீர்களா என்று. அதற்கு நம் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து, இங்கிலீஷிலேயே, “சார், ஐ ஆம் காம்பவுண்டர்” என்றாராம். டாக்டர் பையன் ஸாரி சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யசோதாவுக்கு அந்த ஒரு சொல் மட்டும் புரிந்தது, காம்பவுண்டர். பெருமையாகத் தலைநிமிர்ந்து உட்கார்ந்ததாக அவரே என் வீட்டில் வந்து சொன்னார்.

“என்னப் பார்த்து கேக்கறான் ஜெயராஜு! இந்த ஏரியாவுக்கே குலுக்கச் சொல்லிக் குடுத்தவன் நான். எனக்கு ஒருத்தன் கேள்வி கேக்கறான்” என்று முனியப்பன் அன்று முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தார். கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசித்தார். மருந்துக் கம்பெனி ஏமாற்றுகிறது என்றார். கடையில் வெயிலில் வைக்கிறார்கள் என்றார். கடையை மாற்றினார். நம் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று மமதாவுக்கு மட்டும் தனியாகக் காய்ச்சச் சொன்னார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டிக் கெஞ்சியதில், பள்ளிக்கூடம் பாதி நாள் போய் பாதி நாள் போகாமல் எப்படியோ இழுத்துக்கொண்டிருந்தது. அரைப் பரீட்சையில் கணக்குப் பேப்பரின் மேலேயே தூங்கிவிட்டாள். ஹெட்மிஸ்ட்ரஸ் மறுபடி கூப்பிட்டனுப்பினார். இந்த முறை தண்ணீர் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை வந்து டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பெங்களூர் பந்த். பஸ் ஓடவில்லை, நான் வீட்டில். கிளினிக்கின் ஷட்டர் இறங்கியிருந்தது, முனியப்பனும் வீட்டில். இருவரும் அவர் வீட்டு வாசலில் ஒரே பேப்பரை ஆளுக்குப் பாதி பிரித்துப் படித்துக்கொண்டிருந்தோம். உள்ளே மமதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கண் சொருகினாற்போல. யசோதா காலை மருந்து கொடுக்க வந்தார்.

முதலில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார். பிறகு அலமாரியிலிருந்து புட்டியை இரண்டு கையாலும், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ததும்பும் குடத்தை இறக்குவது மாதிரி இறக்கினார். புட்டியில் மருந்து கொஞ்சம்தான் மீதி. அடியில் ஆரஞ்சு நிறத்தில் கெட்டிக் களிம்பு, அதற்கு மேலே விரற்கடை உயரம் வெளிறிய தண்ணீர். மூடியைத் திறந்து கொஞ்சம் சுடுதண்ணீரை விளிம்போடு ஊற்றினார், எண்ணெய்ப் புட்டி காலியாகும்போது செய்வோமே, எதுவும் வீணாகக் கூடாதென்று. அடியில் இருந்ததை ஒரு குச்சியால் வழித்து மூடியில் எடுத்தார்.

முனியப்பனின் கையில் இருந்த பாதிப் பேப்பர் கீழே விழுந்தது.

“இன்னா பண்ற?”

“மருந்து குடுக்கறேன்.”

“குலுக்கல?”

யசோதா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கணவன் தன்னைப் பரீட்சை செய்கிறான், சரியான பதில் தனக்குத் தெரியும் என்கிற சிரிப்பு. “நம்ம மருந்து இன்னா குலுக்கற மருந்தா? நல்ல மருந்த குலுக்கவே கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. ஒரு நாள் கூட ஆட்டல நானு. பூனைகூட அந்தப் பக்கம் போவ உடல.”

முனியப்பன் எழுந்து போய் யசோதா கையிலிருந்த மூடியை வாங்கிக் கீழே வைத்தார். “எப்பலேர்ந்து?”

“மொதல் புட்டிலேர்ந்து. ஏன், இன்னாங்க?” சிரிப்பு போய்விட்டது. “ஊருக்கெல்லாம் சொன்னீங்களே. எனக்கு ஒண்ணும் சொல்லலியே.”

 மேலே இருந்த வெறும் தண்ணீரைக் குடித்த வாரங்களில் பெண் விழுந்தாள். அடியில் இருந்த கெட்டி மருந்தைக் குடித்த வாரங்களில் தள்ளாடினாள். கண்டக்டர் எனக்கே அந்த நிமிஷம் புரிந்துவிட்டது, அவருக்குப் புரியாமலா? முனியப்பன் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரே ஒரு தடவை குலுக்கினார். அடியில் ஒட்டியிருந்த மிச்சம் கலங்கி, புட்டி முழுக்க ஒரே ஆரஞ்சாகிவிட்டது.

அதை வாசல் சாக்கடையில் கொட்டினார். வேளை மருந்தை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, பந்த் நாளில், டயர் எரிகிற ரோட்டில் ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தே போனார். நானும் கூடப் போனேன்.  அந்தச் சின்ன வயசு டாக்டர்தான் டியூட்டியில் இருந்தார். முனியப்பன் இந்த முறை இங்கிலீஷ் பேசவில்லை. “என் வீட்டம்மாவுக்கு நான் குலுக்கச் சொல்லல சார்” என்று தமிழில் சொன்னார். டாக்டருக்குத் தமிழ் அரைகுறை. நான்தான் கன்னடத்தில் எடுத்துச் சொன்னேன். அவர் திட்டியிருக்கலாம், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான் என்று தட்டிக் கொடுத்து, எப்போது எவ்வளவு மறுபடி தொடங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். எல்லார் வீட்டிலும் என்ற அந்தச் சொல்தான் முனியப்பனை அதிகம் சுட்டது என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை டி.சி. வாங்கப் போகவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் போய் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, ஒரு புட்டி காலம் பொறுத்துப் பாருங்கள் என்று கேட்டார். ஒரு புட்டி காலம் என்ற கணக்கு அந்த அம்மாவுக்குப் புதிது. ஆனாலும் பொறுத்தார். அந்தப் புட்டி முடிந்தது, அடுத்ததும் முடிந்தது, மமதா விழவும் இல்லை, தள்ளாடவும் இல்லை. காலையில் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் புட்டி குலுங்கும் சத்தம் கேட்டால்தான் என் மனைவி பால் வாங்கக் கிளம்புவாள். குலுக்கியது யசோதா இல்லை. மமதாவே குலுக்கிக்கொண்டாள். யசோதா வெகு நாள் வரைக்கும் அந்தப் புட்டியைக் கையால் தொடவில்லை.

பத்தாவதில் மமதா செகண்ட் கிளாஸ். தெருவுக்கே முனியப்பன் மைசூர்பாக் கொடுத்தார், தள்ளாட்டத்துக்குக் காரணம் சொன்னவர்கள் உட்பட.

அந்த வருஷ மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் கிறுக்கினார். முனியப்பன் சிவப்பு மருந்தை ஊற்றி, தக்கையை அழுத்தி, ஒரு சீட்டை நாக்கில் நனைத்து ஒட்டினார். நான் வாங்கிப் படித்தேன். மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது, குலுக்கவும். அலமாரியைப் பார்த்தேன். சிவப்பு, ரோஸ், எல்லாப் புட்டியிலும் அதே சீட்டு. உள்ளே டாக்டர் என்னைப் பார்த்து மெல்லக் கண்ணைக் காட்டினார், ஒன்றும் கேட்காதே என்று. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“இது ஒருபடித்தானது ஆச்சே. இதுல குலுக்க இன்னா இருக்குது?”

“ஒண்ணும் இல்ல” என்றார் முனியப்பன்.

“பின்ன பொய்ச் சீட்டு?”

அவர் என் கையிலிருந்து புட்டியைத் திரும்ப வாங்கினார். கலக்குவதற்கு ஒன்றுமில்லாத அந்த மருந்தைத் தலைகீழாகவும் நேராகவும் நிதானமாகக் குலுக்கினார். வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதை மறுபடி என் கையில் வைத்து, “வீட்ல யாரு ஊத்திக் குடுப்பாங்க?” என்று கேட்டார்.

“அவதான்.”

“அப்ப நீ சொல்லாதே. அவங்கள இங்க வரச் சொல்லு. நானே சொல்றேன்.”